ஈரமே இல்லாத 'டேம்ப்': சுரங்கக் காற்றுகளுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

சுரங்கப் பாதுகாப்புக் கையேட்டை மொழிபெயர்க்கும் நண்பர், நிலக்கரிச் சுரங்கத்தில் தேங்கி வெடிக்கும் வாயுவான 'ஃபயர்டேம்ப்'புக்குச் சொல் கேட்டு எழுதியிருந்தார். அதற்கு வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். 'தீ ஈரம்', 'எரி ஈரம்', 'அனல் ஈரப்பதம்' என்று பாதிக்குமேல் ஈரம் சொட்டுகிறது. முதலில் அதைத் துடைத்துவிடுவோம்.

இந்த 'டேம்ப்'புக்கும் ஈரத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஜெர்மனில் ஆவியை 'டாம்ப்ஃப்' என்கிறார்கள், அந்தக் குடும்பத்துச் சொல் இது. ஆங்கிலத்தில் ஆவி, கெட்ட காற்று என்ற பொருளில்தான் முதலில் வழங்கியது. ஈரம் என்ற பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. மேலே உலகம் புதிய பொருளுக்கு மாறிவிட்டது, சுரங்கத்துக்குள் இருந்தவர்கள் பழைய பொருளையே வைத்துக்கொண்டார்கள். அகராதியின் முதல் வரியை மட்டும் பார்த்தால் வழுக்கி விழ வேண்டியதுதான். நானும் ஒருமுறை விழுந்திருக்கிறேன், அதனால் யாரையும் குறை சொல்லவில்லை.

அப்புறம் ஒன்று. ஃபயர்டேம்ப் தனிச்சொல் அல்ல, ஒரு குடும்பத்தில் மூத்த பிள்ளை. மற்றவை பிளாக்டேம்ப், ஒயிட்டேம்ப், ஸ்டிங்க்டேம்ப், ஆஃப்டர்டேம்ப். ஒன்றுக்கு மட்டும் பெயர் வைத்துவிட்டு நகர்ந்தால், கையேட்டின் அடுத்த பக்கத்திலேயே மாட்டிக்கொள்வோம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே அடிச்சொல் வேண்டும்.

அந்த அடிச்சொல் 'வளி'யாக இருக்கட்டும் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். நல்ல சொல்தான், பாடநூலில் பழகிய சொல். ஆனாலும் நான் 'காற்று' பக்கம் நிற்கிறேன். ஜெர்மன் சுரங்கக்காரர்கள் உள்ளே இருக்கும் காற்றை 'வெட்டர்' என்றே சொன்னார்கள். வானிலைக்கும் அதே சொல்தான். வெடிக்கும் வாயு இருந்தால் 'அடிக்கும் வெட்டர்'. நம் ஊரிலும் 'காத்து கருப்பு அடிச்சிடும்' என்று சொல்லித்தானே குழந்தையை இருட்டில் போகவிடாமல் நிறுத்துகிறோம்? கண்ணுக்குத் தெரியாமல் வந்து அடிக்கும் பொருளுக்குத் தமிழில் ஏற்கெனவே காற்று என்றுதான் பெயர்.

இனி ஃபயர்டேம்ப். அதில் பெரும்பகுதி மீத்தேன். காற்றைவிட லேசானது, ஆகவே கூரையோரம் போய்த் தேங்கும். காற்றில் ஏறக்குறைய 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால் வெடிக்கும், 9.5 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் அடி பலம். 15-க்கு மேல் போனால் வெடிக்காது என்று நிம்மதி அடைய முடியாது. நல்ல காற்று வந்து கலக்கும்போது அது மறுபடி வெடிக்கும் அளவுக்கு இறங்கி வரும். 1812 மே 25 அன்று வட இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் இது வெடித்து 92 பேர் இறந்தார்கள். அதில் சிறுவர்களும் உண்டு. அந்தப் பகுதியின் பாதிரியார் ஜான் ஹாட்சன், நடந்ததை விவரமாக எழுதி அச்சிட்டார். அதன்பிறகுதான் படித்தவர்கள் பக்கத்திலும் பேச்சு எழுந்தது.

இதே மீத்தேன் சதுப்பு நிலத்திலும் ஊறி மேலே வருகிறது. இரவில் அங்கே தெரியும் வெளிச்சத்துக்கு நம் பாட்டிமார் வைத்த பெயர் கொள்ளிவாய்ப் பிசாசு. ஆகவே என் பரிந்துரை: 'கொள்ளிக்காற்று'. சொல்லும்போதே தீயும் வரும், பயமும் வரும். 'எரிகாற்று' என்றால் சமையல் எரிவாயு நினைவுக்கு வந்துவிடுகிறது.

பிளாக்டேம்ப், ஆக்சிஜன் குறைந்துபோய் கரியமில வாயுவும் நைட்ரஜனும் மிஞ்சிய காற்று. கனமானது, தரையோரம் கிடக்கும். அதில் விளக்கு அவிந்துபோகும். எனவே 'அவிகாற்று'. 'கருங்காற்று' வேண்டாம், கருப்பாக எதுவும் கண்ணுக்குத் தெரியாது. வெடித்த பிறகு உள்ளே மிஞ்சுவது ஆஃப்டர்டேம்ப். 'எச்சக்காற்று' என்று எழுதினேன், பறவை எச்சம் நினைவுக்கு வந்தது, அடித்துவிட்டேன். 'மிச்சக்காற்று' போதும். வெடிப்பில் தப்பியவர்களையும் கொல்வது இதுதான், இதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. ஒயிட்டேம்ப் என்பதும் கார்பன் மோனாக்சைடுதான், அதை அந்தப் பெயரிலேயே எழுதிவிடலாம். ஸ்டிங்க்டேம்ப், அதாவது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவுக்கு 'நாற்றக்காற்று'. அழுகிய முட்டை வாடை. ஆனால் கையேட்டில் ஓர் எச்சரிக்கை சேருங்கள்: அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது.

சரி, விளக்குக்கு வருவோம். வெடிக்கும் வாயு உள்ள சுரங்கத்துக்குள் கொண்டுபோகும் சேஃப்டி லேம்புக்கு 'பாதுகாப்பு விளக்கு' என்று பாடநூலில் இருக்கிறது. தவறில்லை. ஆனால் எனக்கு அதில் ஒரு குறை உண்டு. படிப்பவர், ஏதோ ஆளைக் காப்பாற்றும் விளக்கு என்று நினைத்துக்கொள்வார். அது காப்பது சுடரை, இன்னும் சரியாகச் சொன்னால் சுடர் வெளியே போகாமல் காக்கிறது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் கம்பிவலையை அடுப்புச் சுடருக்கு மேலே பிடித்துப் பார்த்திருப்பீர்கள். சுடர் வலையோடு நின்றுவிடும், மேலே ஏறாது. வலை சூட்டை உறிஞ்சிப் பரப்பிவிடுவதால் அந்தப் பக்கம் இருக்கும் வாயு பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடேறுவதில்லை. வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி 1815-இல் பிடித்தது இந்த நுணுக்கத்தைத்தான். சுரங்கத்திலிருந்து புட்டிகளில் அடைத்து அனுப்பிய வாயுவை லண்டனில் சோதித்தார், ஃபாரடே உதவியாளர். ஓர் அங்குலத்துக்கு 28 கம்பி, சதுர அங்குலத்துக்கு 784 கண். இந்த வலையை உருளையாக்கிச் சுடரைச் சுற்றிப் போட்டார். 1816 ஜனவரியில் ஹெப்பர்ன் சுரங்கத்தில் சோதனை. காப்புரிமையும் எடுக்கவில்லை.

இதே காலத்தில் கில்லிங்வொர்த் சுரங்கத்தில் எந்திரம் பார்த்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ஸ்டீவன்சன் தானே ஒரு விளக்கு செய்து, 1815 அக்டோபர் 21 அன்று அதை ஏற்றிக்கொண்டு வாயு கசியும் இடத்துக்குள் நடந்தே போனார். பின்னாளில் ரயிலால் பெயர் பெற்ற அதே ஸ்டீவன்சன்தான். யார் முதல் என்று பெரிய சண்டை நடந்தது. அதற்கு முன்பே, 1813-இல், மருத்துவர் கிளானி துருத்தியால் காற்றைத் தண்ணீர் வழியே செலுத்தும் விளக்கு ஒன்றைச் செய்திருந்தார். டேவி விளக்கு என்று ஒருவர் பெயரை மட்டும் தமிழில் நிலைநிறுத்த எனக்கு மனமில்லை.

நான் சொல்வது 'காப்பு விளக்கு'. காப்பு என்றால் காவல், கையில் போடும் வளையமும் காப்புதான், திருவிழாவுக்கு முன் கட்டுவதும் காப்புதான். சுடருக்குக் காப்பு கட்டிய விளக்கு. வலையின் வடிவமும் அதில் வந்துவிடுகிறது. காப்பு கட்டியாயிற்று என்று கவலையில்லாமல் இருந்துவிடவும் முடியாது. காற்று வேகமாக அடித்தால் சுடர் வலையைத் தாண்டும், வலை சிவக்கக் காய்ந்தாலும் ஆபத்து, ஒரு கம்பி அறுந்தாலும் ஆபத்து. இந்த விளக்கு வந்த தைரியத்தில், முன்பு யாரும் இறங்காத வாயு மிகுந்த அடுக்குகளில் எல்லாம் ஆளை இறக்கினார்கள். விபத்து எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை.

இன்னொரு முக்கியமான சொல் யாரும் தொடாமல் கிடக்கிறது. விளக்கின் பெரிய பயன் வெளிச்சம் அல்ல, சோதனை. திரியைத் தாழ்த்தித் தாழ்த்தி, மஞ்சள் மறைந்து ஒரு பொட்டு அளவு மிஞ்சும்வரை இறக்குவார்கள். பிறகு விளக்கை மெல்ல மெல்லக் கூரைக்கு உயர்த்துவார்கள். கொள்ளிக்காற்று இருந்தால் அந்தப் பொட்டின் மேல் மங்கலான நீலம் ஒன்று முளைக்கும். 1.25 விழுக்காட்டில் உச்சி தெளியாத ஒரு நிழல் போல. இரண்டரை, மூன்றில் கூர்மையான முக்கோணம். ஐந்தை நெருங்கினால் வலைக்குள் எல்லாம் நீலம். பழகிய கண் அந்த உயரத்தைப் பார்த்தே அளவு சொல்லிவிடும். இதை ஆங்கிலத்தில் 'கேப்' என்கிறார்கள். 'நீலத் தொப்பி' என்று ஒருவர் எழுதியிருந்தார், கல்யாண வீட்டில் பலூன்காரர் போட்டிருப்பது போல் இருக்கிறது. சுடரின் நுனிக்குத் தமிழில் கொழுந்து என்று பெயர் இருக்கும்போது தொப்பி எதற்கு? 'நீலக்கொழுந்து'. இந்தச் சோதனைக்கு 'கொழுந்து பார்த்தல்', நாடி பார்த்தல் போல.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று ஒரு மடல் கேட்டது. நியாயமான கேள்வி. நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம். கோலார் தங்க வயலில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் இறங்கினார்கள், ஆனால் அங்கே பயந்தது பாறை வெடித்துச் சிதறுவதற்கு, மீத்தேனுக்கு அல்ல. ஆனாலும் எங்கள் தாத்தா பாழுங்கிணற்றில் தூர் வார ஆள் இறக்கும் முன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி விடுவார். கிணற்று மேட்டில் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தது நினைவிருக்கிறது. பாதி ஆழத்தில் சுடர் சுருங்கி, சிவந்து, பட்டென்று போயிற்று. அன்று யாரும் இறங்கவில்லை. வேப்பங்கொத்தைக் கட்டி மேலும் கீழும் இழுத்துக் காற்றைக் கலக்கிவிட்டு, மறுநாள்தான் இறங்கினார்கள். அவர் பார்த்தது அவிகாற்று. பெயர்தான் இல்லை, 'உள்ளே காத்து சரியில்லை' என்பார். சாக்கடைக் குழியில் இறங்கி இறப்பவர்களை நாளிதழ்கள் 'விஷவாயு தாக்கி' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன. எந்த வாயு, விளக்கில் தெரியுமா, மூக்குக்குத் தெரியுமா என்று பிரித்துச் சொல்ல நமக்குச் சொற்கள் வேண்டும்.

விளக்கில் தெரியாதது கார்பன் மோனாக்சைடு. அதற்குத்தான் உடலியல் அறிஞர் ஜான் ஹால்டேன் சொன்னபடி, ஆளுக்கு முன்பே மயங்கிவிழும் கேனரிக் குருவியைக் கூண்டோடு கொண்டுபோனார்கள், பிரிட்டனில் 1986 வரை அந்த வழக்கம் இருந்தது. 'கேனரி' கேனரியாகவே இருக்கட்டும். அதைச் சிட்டுக்குருவி ஆக்க வேண்டாம்.

அன்புடன்.

*

(அடுத்த நாள்)

மறுப்பு எழுதிய ஐயாவுக்கு வணக்கம். 'கொள்ளி' அமங்கலச் சொல், பாடநூலில் வைக்க முடியாது, பேசாமல் மீத்தேன் என்றே எழுதலாம் என்கிறீர்கள். மீத்தேன் என்ற சொல்லில் எனக்கு வெறுப்பு இல்லை. காவிரி டெல்டாவில் போராட்டம் நடந்த நாட்களில் அது டீக்கடை வரை போய்ச் சேர்ந்த சொல். ஆனால் மீத்தேன் ஒரு வேதிப்பொருள். கொள்ளிக்காற்று என்பது சுரங்கக் கூரையில் தேங்கி நிற்கும் கலவை, அதில் வேறு வாயுக்களும் உண்டு. இரண்டும் கையேட்டில் வேண்டும். அமங்கலம் என்பது உண்மைதான். ஆபத்துக்கு மங்கலமான பெயர் வைத்தால் யார் பயப்படுவார்கள்?

'அவிகாற்று' என்றால் இட்லி அவிப்பது போல இருக்கிறது என்று அம்மா ஒருவர் எழுதியிருக்கிறார். சிரித்துவிட்டேன், ஆனால் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். 'அணைகாற்று' என்று மாற்றிக்கொள்கிறேன். விளக்கு அணைவது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் ஒன்று, ஆக்சிஜன் 16, 17 விழுக்காட்டுக்கு இறங்கும்போதே விளக்கு அணைந்துவிடும், மனிதர் அப்போதும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். அந்த இடைவெளியில்தான் திரும்பி நடக்க வேண்டும். கையேட்டில் இதைக் கட்டம் கட்டிப் போடுங்கள்.

மொழிபெயர்க்கும் நண்பருக்கு: உங்கள் நான்காம் பக்க வரியை இப்படி எழுதிப் பாருங்கள். 'காப்பு விளக்கின் திரியைத் தாழ்த்தி, கூரைப் பக்கம் மெல்ல உயர்த்திக் கொழுந்து பார்க்கவும். நீலக்கொழுந்து தெரிந்தால் விளக்கை ஆட்டாமல், ஊதாமல், மெதுவாக இறக்கவும்.' சுரங்கத்தில் வேலை செய்த யாரிடமாவது இதை வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் அவர் புருவம் சுருங்குகிறதோ, அந்தச் சொல்லை மாற்றிவிடலாம்.