கம்பெனியும் ஆய்வகமும் சேர்ந்து வேலை செய்த அனுபவம் உண்டா? எழுதுங்கள்

அம்பத்தூர் யூனிட்:

முதலில் என் அனுபவத்தைச் சொல்கிறேன். எங்களுடையது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன யூனிட். பம்புகளுக்கான அலுமினிய கேஸ்டிங்கை, அதாவது அச்சில் உருக்கி வார்த்த பாகங்களை, வாங்கி மெஷினிங் செய்து கொடுக்கிறோம். மேல்தோலைக் கடைந்தெடுத்த பிறகுதான் உள்ளே இருக்கும் ஊசித்துளைகள் வெளியே தெரியும். அப்படி ஒரு பீஸ் தப்பிப்போய் வாடிக்கையாளரின் அசெம்பிளி லைனில் மாட்டினால் முழு லாட்டும் திரும்பி வந்துவிடும். ஒரே வருடத்தில் இரண்டு முறை அப்படி வந்தது. கேமரா வைத்துத் தானாகக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டு, தொழிற்சாலைகளோடு சேர்ந்து வேலை செய்யும் ஒரு கணினி அறிவியல் ஆய்வகத்துக்குப் போனோம்.

பேராசிரியர் கேட்ட முதல் கேள்வி, "ரிஜெக்ட் ஆன பீஸ் எத்தனை வைத்திருக்கிறீர்கள்?" எங்களிடம் ஒன்றுகூட இல்லை. அன்றன்றைக்கே ஸ்கிராப்பில் போட்டு உருக்க அனுப்பிவிடுவோம். குறை எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டருக்குக் காட்டத் தேவையான பொருளைத்தான் இத்தனை வருடம் எடைக்குப் போட்டிருக்கிறோம். அன்று முதல் ஒரு சிவப்புத் தொட்டி வைத்து மூன்று மாதம் சேர்த்தோம்.

அப்புறம், சேர்த்த பீஸ்களை நல்லவற்றோடு கலந்து இரண்டு ஷிஃப்ட் செக்கர்களிடமும் தனித்தனியாகக் கொடுத்தார்கள். ஒருவர் தள்ளியதை மற்றவர் ஓகே என்றார். ஒன்றிரண்டில் இல்லை, நிறைய பீஸ்களில் இப்படி. எது குறை என்று எங்களிடமே எழுதிவைத்த அளவு இல்லை என்பது அன்றுதான் உறைத்தது. கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் உட்காரும் முகத்தில் எவ்வளவு துளை வரை ஏற்கலாம், மற்ற இடங்களில் எவ்வளவு என்று வாடிக்கையாளரிடம் கேட்டு எழுதி வாங்கினோம். இதற்குக் கம்ப்யூட்டரே தேவையில்லை. ஆனாலும் அந்த ஒரு பக்கத் தாள் மட்டும் கிடைத்திருந்தால்கூடக் கொடுத்த பணம் தகும் என்பேன்.

ஆய்வகத்தில் டெமோ பிரமாதமாக இருந்தது. எங்கள் ஷெட்டில் வைத்ததும் மதியம் மூன்று மணிக்கு மேல் எல்லா பீஸையும் ரிஜெக்ட் என்றது. மேற்கு ஜன்னல் வெயிலும் மெஷினிங்கின்போது பீஸ் மேல் படிந்த கூலன்ட் திரவமும் சேர்ந்து பளபளத்ததில், அந்த மினுமினுப்பையெல்லாம் துளை என்று எடுத்துக்கொண்டது. எனக்கு மனசு விட்டுப்போய்விட்டது. ஆய்வகத்திலிருந்து வந்திருந்த பிஎச்டி மாணவர் மட்டும் லேப்டாப்பை மூடிவிட்டு, எங்கள் மூத்த செக்கர் அக்காவின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தார்.

அக்கா எந்த பீஸையும் நேராகப் பார்ப்பதில்லை. டியூப்லைட்டுக்குக் கீழே படுக்கை வாக்கில் சாய்த்துப் பிடித்துத்தான் பார்ப்பார். "ஏன்க்கா சாய்க்கிறீங்க?" என்று கேட்டார் அந்தத் தம்பி. "நேரா பார்த்தா எல்லாமே மின்னும் தம்பி. சாய்ச்சா ஓட்டையோட விளிம்பு மட்டும் தெரியும்" என்றார் அக்கா.

அடுத்த வாரம் கேமராவைச் சுற்றிக் கறுப்புப் பெட்டி வந்தது. விளக்குகள் மேலிருந்து இறங்கி, பீஸின் பக்கவாட்டில், கிட்டத்தட்டத் தரையோடு தரையாக உட்கார்ந்தன. சமமான பரப்பில் பட்ட ஒளி சாய்ந்து வெளியே போய்விடும், அதனால் பரப்பு கறுப்பாகத் தெரியும். துளையின் விளிம்பில் பட்டுச் சிதறும் ஒளி மட்டும் கேமராவுக்கு வரும். டார்க் ஃபீல்டு லைட்டிங் என்று இதற்குப் பெயரே இருக்கிறது. அந்தப் புது விளக்கில் படங்களை மறுபடி எடுத்துக் கம்ப்யூட்டரைப் பழக்கினார்கள், அவ்வளவுதான். புரோகிராமைப் பெரிதாக மாற்றவே இல்லை. இப்போது சந்தேகமான பீஸ்களை மட்டும் கேமரா ஒதுக்கி வைக்கிறது. அவற்றில் கடைசி முடிவு அக்காவுடையது.

இன்னொரு யூனிட்காரர் போவதாக இருந்தால் ஒன்று சொல்வேன். நான்கு நாள் உங்கள் ஷாப் ஃப்ளோரில் வந்து நிற்கத் தயாரா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். அப்புறம், ஆலோசனைக் கட்டணத்தோடு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கானகம் ரோடு:

நான் ஐஐடி மெட்ராஸ் ஆராய்ச்சிப் பூங்காவில் ஒரு கம்பெனியில் நான்கு வருடம் இருந்தேன். அந்தப் பூங்கா 2010இல் தொடங்கியது. பல்கலைக்கழகத்தை ஒட்டி நம் நாட்டில் அமைந்த முதல் ஆராய்ச்சிப் பூங்கா அதுதான். அங்கே வாடகை கட்டினால் மட்டும் போதாது. ஐஐடியோடு சேர்ந்து வேலை செய்து கிரெடிட் சேர்க்க வேண்டும். ஆய்வுக்குப் பணம் தருவது, பேராசிரியரை ஆலோசகராக வைப்பது, மாணவர்களை இன்டர்னாக எடுப்பது எல்லாம் கணக்கில் வரும். கட்டாயம் போலத் தெரிந்தாலும் எனக்கு இந்த விதி பிடிக்கும். இது இல்லாவிட்டால் பக்கத்துக் கட்டடத்தில் இருந்துகொண்டே யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள்.

சிக்கல் காலண்டரில்தான் வந்தது. எங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு கெடு, அவர்களுக்கு செமஸ்டர். ஒரு இன்டர்ன் நன்றாக வேலை செய்து மே மாதம் ஊருக்குப் போய்விட்டார். அவர் எழுதியது அவருடைய லேப்டாப்பில் மட்டும்தான் ஓடியது. அதற்குப் பிறகு கடைசி மூன்று வாரத்தை ஒப்படைப்புக்கென்றே ஒதுக்கினோம். எங்கள் ஆள் ஒருவர் புது மெஷினில் நிறுவி ஓட்டிக் காட்டினால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம்.

மேலூர்ப் பொண்ணு, இப்போது வேளச்சேரி:

நான் சொல்வது பழைய கதை. 1990களில் ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் சக பேராசிரியர்களும் டெநெட் என்ற ஆராய்ச்சிக் குழுவாகச் சேர்ந்து, மைடாஸ் கம்யூனிகேஷன், அனலாக் டிவைசஸ் கம்பெனிகளோடு கோர்டெக்ட் என்ற தொழில்நுட்பத்தைச் செய்தார்கள். வீடுவரை செப்புக் கம்பி இழுக்காமலே, ஆன்டெனா வழியாகப் போனும் இணையமும் ஒரே நேரத்தில் கிடைக்கும். இணைய வேகம் 35 அல்லது 70 கிலோபிட்தான்.

அது எங்கள் மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தேன். இணைய நிலையத்தில் என் அப்பத்தாவின் கண்ணைப் படம் எடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். புரை முற்றிவிட்டது, வரச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. பஸ் ஏறி வீணாய் அலைய வேண்டியிருக்கவில்லை. பிறகு செல்போன் வந்து அந்த ஆன்டெனாக்கள் போய்விட்டன. அதனால் அது தோற்றுப்போன ஆராய்ச்சி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நான் கம்ப்யூட்டர் படித்ததற்கு அந்த அறைதான் காரணம்.

மூன்றாம் வருட ஸ்காலர்:

அம்பத்தூர் சார், ஒரு கேள்வி. என் வேலைக்குப் பணம் தரும் கம்பெனி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. ஆய்வுக் கட்டுரை இல்லாமல் நான் எப்படித் தீசிஸ் சமர்ப்பிப்பது? உங்கள் மாணவருக்கு என்ன செய்தீர்கள்?

அம்பத்தூர் யூனிட்:

தம்பி, அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டோம். வாடிக்கையாளர் பெயர், டிராயிங் நம்பர், பீஸின் முழு உருவம் மூன்றும் வெளியே போகக் கூடாது. துளைகளின் குளோசப் படங்களை வெளியிடலாம். கட்டுரையை அனுப்புமுன் முப்பது நாள் எங்களிடம் கொடுக்க வேண்டும், அதற்குள் நாங்கள் ஆட்சேபம் சொல்லாவிட்டால் அனுப்பிவிடலாம். "எதையும் கூடாது" என்பவர்களிடம் "எது எது கூடாது" என்று பட்டியல் கேளுங்கள். உங்கள் கைடையும் கூட்டிக்கொண்டு போங்கள், தனியாகப் போகாதீர்கள்.