கிராஃபைட் கலந்தும் கரண்ட் போகவில்லை, என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே, அம்பத்தூரில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன், எரிபொருள் கலத்துக்கான (ஹைட்ரஜன் போன்ற எரிபொருளிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கும் fuel cell) மின்சாரம் கடத்தும் தகடு செய்து பார்க்கிறேன். எபாக்சியில் (ஊற்றினால் இறுகிவிடும் ரெசின்) எடைக்கு 40 சதவீதம் கிராஃபைட் தூள் கலந்து அச்சில் ஊற்றினேன். ரிச்சி தெருவில் வாங்கிய மல்டிமீட்டரை வைத்தால் மெகா ஓம் காட்டுகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் சில நூறு ஓமுக்கு இறங்கியது, மேலே பளபளவென்று ரெசின் தோல் படிந்திருக்கிறது போல. ஆனாலும் இந்தத் தகட்டுக்கு மின்கடத்துதிறன் குறைந்தது சென்டிமீட்டருக்கு 100 சீமென்ஸ் வேண்டுமே! சரி என்று 75 சதவீதம் ஏற்றினால் கலவை சப்பாத்தி மாவு மாதிரி இறுகி ஊற்றவே வரவில்லை (கை கறுத்து வீட்டில் திட்டு வேறு). கார்பன் பிளாக் (மிக நுண்ணிய கரித்தூள்) கொஞ்சம் சேர்த்தவர்கள் யாராவது அளவு சொல்லுங்கள். அப்புறம், சூட்டோடு அழுத்தும் பிரஸ் சென்னையில் மணிக்கணக்கு வாடகைக்கு எங்கே கிடைக்கும்? நான்கு முனை வைத்து மின்தடை அளக்கத் தெரிந்தவர்களும் கமெண்டில் வாருங்கள்.