"இது விளையாட்டே இல்லை" என்று சொல்லக் கேட்ட அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறைவாசி:
நினைவு மங்கிய அம்மிச்சி (அம்மாவின் அம்மா) ஒருத்தியைக் கைபிடித்து அவளுடைய வீட்டுக்குள் அழைத்துச் செல்வதுதான் நான் செய்த வீடியோ கேம் ஆட்டம். அதில் புள்ளியும் இல்லை, வெற்றியும் இல்லை. கோவையில் ஒரு கண்காட்சியில் அதை வைத்திருந்தபோது, கல்லூரி மாணவர் ஒருவர் சற்று நேரம் ஆடிவிட்டு, "இதில் எப்படி ஜெயிப்பது? இது கேமே இல்லையே" என்று சொல்லி, ஹெட்போனை மேசைமேல் கழற்றி வைத்துவிட்டுப் போனார். ஆடுபவர் அசையாமல் நின்றால் அம்மிச்சி கூப்பிடும்படி அமைத்திருந்தேன். "வெளக்குப் பத்த வெச்சாச்சா சாமி?" என்று என் சொந்த அம்மிச்சியின் குரல் அந்த ஹெட்போனிலிருந்து மெலிதாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் காலமாவதற்கு முந்தைய மழைக்காலத்தில் பதிவு செய்த குரல் அது. நடுவில் வந்த இருமலை மூச்சு அறுபடாமல் வெட்டி எடுப்பதற்காக, அதே துண்டை இரவெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். மாணவர்மீது கோபம் இல்லை. அந்தக் குரலுக்கு யாரும் பதில் சொல்லாததுதான் இன்னும் உறுத்துகிறது.

நகரி ஆடுபுலி:
வருத்தம் புரிகிறது, ஆனாலும் மாணவர் கேட்டதில் பிழையில்லை. தத்துவ அறிஞர் பெர்னார்ட் சூட்ஸ் 1978இல் தந்த வரையறைப்படி, தேவையற்ற தடைகளைத் தாண்ட விரும்பி முயல்வதே விளையாட்டு. 3 புலி, 15 ஆடு ஆட்டத்தைக் கைப்பேசிக்கு நான் எழுதியபோது, ஆடுகள் வெல்லவே முடியாது என்று ஒருவர் வசைபாடி எழுதியதைப் படித்துச் சோறு இறங்காமல் கிடந்தேன். அந்த வசையிலும் திருத்துவதற்கு ஏதோ இருந்தது. தடையே இல்லாததை ஊடாடும் கதை என்று அறிவித்திருந்தால் அந்த மாணவர் வேறு மனநிலையோடு வந்து உட்கார்ந்திருப்பார்.

தேவிகுளத்துக்காரி:
நகரி நண்பரோடு உடன்பட முடியவில்லை. பரமபதத்தில் ஆடுபவர் முடிவெடுக்க என்ன இருக்கிறது? தாயக்கட்டை சொன்ன இடத்துக்குக் காய் போகிறது. அதனால் அது விளையாட்டு இல்லை என்று எந்த வீட்டிலும் சொன்னதில்லை. 2014இல் ஐந்து வயதில் புற்றுநோயால் இறந்த மகனைப் பற்றி ரையன், ஏமி கிரீன் தம்பதியர் 2016இல் வெளியிட்ட 'தட் டிராகன், கேன்சர்' ஆட்டத்தில், அழும் குழந்தையை எதைச் செய்தும் தேற்ற முடியாத மருத்துவமனைக் காட்சி ஒன்று உண்டு. தேற்ற முடியாமையைக் கையால் உணர வைக்க ஆட்டத்தைத் தவிர வேறு எதனால் முடியும்?

மூணாறு அருகே பெட்டிமுடியில் நடந்த நிலச்சரிவுக்குப் பிறகு, தேயிலைத் தோட்டத்து லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) ஓர் ஆட்டத்துக்காக வரைந்தேன். மழைச் சத்தத்தைச் சேர்த்த அன்று எழுந்து போனவள், அந்தக் காட்சியை முடிக்கவே இல்லை.

கொழிஞ்சாம்பாறைத் தம்பி, வேலை நடக்கும்போது வேறு யாருடைய குரலையாவது வைத்துக்கொள்ளுங்கள்; அம்மிச்சியின் குரலைக் கடைசியில் மாற்றினால் போதும். கண்காட்சியில் மேசைக்குப் பக்கத்தில் நீங்கள் நிற்க வேண்டாம், நண்பரை நிறுத்துங்கள். ஸ்டீம் என்னும் இணைய கேம் விற்பனைத் தளத்தில் வெளியிட்டால், வெற்றி தோல்வி இல்லை என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியவர் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பதால், குறும் ஆட்டங்களை முழுவதும் ஆடி முடித்தவரும் கேட்க முடியும்.

கொழிஞ்சாம்பாறைவாசி:
அக்கா, மாற்றுக் குரல் யோசனையை அடுத்த ஆட்டத்தில் நிச்சயம் செய்கிறேன். நகரி நண்பருக்கு: தடை இருக்கிறது. ஒவ்வோர் அறையிலும் அம்மிச்சி உங்களை யாரென்று கேட்பாள். சலிக்காமல் மறுபடி சொன்னால்தான் அடுத்த கதவு திறக்கும். மாணவர் முதல் அறையைத் தாண்டவில்லை. நீங்கள் கடைசி அறைவரை ஆடிவிட்டு, அப்போதும் இது விளையாட்டு இல்லை என்று தோன்றினால் இங்கேயே எழுதுங்கள்.