பெரியப்பாவின் கட்டைவிரல்

முரளி: அப்பாவுக்கு மறுபடியும் கால் கட்டைவிரல். ராத்திரி 2 மணிக்கு எழுந்தவர் இன்னும் படுக்கவில்லை. போர்வை நுனி பட்டாலே கத்துகிறார், நான் அறைக்குள் நடந்தால்கூட அதிருகிறதாம்

மாலதி: வாயைக் கட்டச் சொன்னால் யார் கேட்கிறார்கள்

சுந்தரம்: ஒரு மாதமாக இறைச்சி பக்கமே போகவில்லை. குடி என் ஜென்மத்தில் கிடையாது. இதற்கு மேல் வாயைத் தைத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி

செல்வம்: அண்ணா, யூரிக் ஆசிட் பார்த்தீர்களா?

முரளி: காலையில் பார்த்தோம் சித்தப்பா. 6.4. நார்மல் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் இது கவுட்டே இல்லையா, அந்த யூரிக் ஆசிட் மூட்டு வலி?

கவிதா: அந்த ரிப்போர்ட்டை நம்பாதே முரளி. வலி உச்சத்தில் இருக்கும்போது எடுத்தால் பல பேருக்கு அளவு இறங்கித்தான் காட்டும். வலி அடங்கி இரண்டு வாரமாவது கழித்து எடுக்க வேண்டும். காய்ச்சல், நடுக்கம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் மூட்டில் கிருமித் தொற்றாகவும் இருக்கலாம், உடனே காட்டுங்கள்

முரளி: அதெல்லாம் இல்லை அக்கா. வீக்கம், சிவப்பு, வலி, அப்புறம் கோபம்

கவிதா: 😄 பெரியம்மா, நீங்கள் பெரியப்பாவைத் திட்டுவதில் பாதியைத் தாத்தா பக்கம் திருப்பிவிடலாம். அவருக்கும் இதே விரல்தானே?

மாலதி: ஆமாம். மாமனார் வருடத்துக்கு இரண்டு தடவை இப்படித்தான் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருவார்

கவிதா: அதுதான் விஷயம். நம் உடம்பில் செல்கள் சிதைந்து புதிதாகிக்கொண்டே இருக்கின்றன, அதிலிருந்தே யூரிக் அமிலம் நிறைய வருகிறது, சாப்பாட்டிலிருந்து வருவது அதன் மேல் கொஞ்சம். மற்ற பாலூட்டிகள் பலவற்றுக்கு அதை உடைக்க யூரிகேஸ் என்று ஒரு என்சைம் உண்டு, நம் முன்னோர்களுக்குப் பல லட்சம் தலைமுறைக்கு முன்னாலேயே அந்த ஜீன் கெட்டுப்போய்விட்டது. அதனால் நமக்கு ஒரே வழி, வெளியேற்றுவது. மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரகம் வழியாக, மீதி குடல் வழியாக. வேடிக்கை என்னவென்றால் சிறுநீரகம் வடிகட்டியதில் ஏறக்குறைய 90 சதவீதத்தைத் திரும்பவும் ரத்தத்துக்கே எடுத்துக்கொள்கிறது

செல்வம்: குப்பையை வாசலில் வைத்துவிட்டு மறுபடி உள்ளே எடுத்து வருகிற மாதிரி

கவிதா: அதேதான் அப்பா. உள்ளே எடுத்து வருகிற கதவுக்கு யூராட்1 என்று பெயர், 2002-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். குளுட்9 என்று இன்னொன்று, முதலில் சர்க்கரையைக் கடத்துகிறது என்றே நினைத்திருந்தார்கள், பார்த்தால் யூரிக் அமிலத்துக்குத்தான் அது பெரிய வாசல். வெளியே தள்ளுகிற பம்ப் ஏபிசிஜி2, குடலிலும் இருக்கிறது சிறுநீரகத்திலும் இருக்கிறது. இந்தப் பம்பில் 141-வது இடத்தில் குளுட்டமின் இருக்க வேண்டும், சிலருக்கு அங்கே லைசின் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அந்த ஒரே மாற்றத்தால் பம்பின் வேகம் சுமார் பாதியாகிவிடும்

முரளி: டால்மேஷன் நாய்க்கும் ஏதோ இப்படி உண்டு என்று படித்தேன்

கவிதா: ஆமாம், அதற்குக் கெட்டுப்போனது குளுட்9 ஜீன். சிறுநீரில் யூரேட் கல் வரும்

சுந்தரம்: என்னை நாயோடு சேர்த்தாயிற்று. சந்தோஷம்

மாலதி: அப்போது சாப்பாட்டுக்குச் சம்பந்தமே இல்லை என்கிறாயா?

கவிதா: அப்படிச் சொல்லவில்லை பெரியம்மா. ஏற்கெனவே அளவு ஏறிக் கிடப்பவருக்கு மதுவோ அதிக இறைச்சியோ அன்றைய வலியைக் கிளப்பிவிடலாம். ஆனால் ஒருவருக்கு 5, இன்னொருவருக்கு 8 ஏன் என்ற கேள்விக்குச் சாப்பாடு பெரிய பதில் இல்லை. 2018-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது, ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்கள் 16,000 பேருக்கு மேல் பார்த்தார்கள். எந்த ஒரு உணவும் தனியாக 1 சதவீத வேறுபாட்டுக்கு மேல் விளக்கவில்லை, ஜீன்கள் ஏறக்குறைய 24 சதவீதம் விளக்கின. பெரியப்பா, யூரிக் அமிலத்தைக் குறைக்கிற அந்த மாத்திரையைத் தொடர்ந்து போடுகிறீர்களா?

சுந்தரம்: வலி போனதும் நிறுத்திவிட்டேன்

மாலதி: பார்த்தாயா!!

கவிதா: இதற்குத் திட்டுங்கள் பெரியம்மா, நானும் சேர்ந்துகொள்கிறேன். அளவு 6.8 தாண்டினாலே ரத்தத்தில் கரையாமல் ஊசி ஊசியாகப் படிகம் கட்ட ஆரம்பிக்கும், உடம்பிலேயே குளிர்ச்சியான ஓரம் கட்டைவிரல், அங்கே இன்னும் சுலபம். வலி போய்விட்டது என்றால் படிகம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. அளவை 6-க்குக் கீழே மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வைத்திருந்தால்தான் அது கரையும். மாத்திரையை நீங்களாகவே மறுபடி ஆரம்பிக்காதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். பிபிக்கு நீர் மாத்திரை போடுவதையும் சொல்லுங்கள், அது யூரிக் அமிலத்தை ஏற்றும்

சுந்தரம்: இதை அந்த டாக்டரே சொல்லியிருக்கலாம். சீட்டைக் கிழித்துக் கொடுத்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்

செல்வம்: கவி, ஒன்று சொல்லவில்லை. போன மாதம் எனக்கும் பார்த்தேன். 7.9. ஆனால் வலி கிலி ஒன்றும் இல்லை

கவிதா: அப்பா!!! ஒரு மாதமாகவா மறைத்தீர்கள்

செல்வம்: உன் அம்மா இந்தக் குழுவில் இல்லை என்ற தைரியத்தில் சொல்கிறேன்

கவிதா: பயப்பட வேண்டாம். அளவு ஏறியவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கவுட் வருவதே இல்லை, வலி இல்லாமல் எண்ணுக்காக மட்டும் பொதுவாக மாத்திரை கொடுக்கமாட்டார்கள். பெரியப்பாவின் மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள், அதில் சிலருக்கு ஆபத்தான ஒவ்வாமை வரும், அதற்கும் ஒரு ஜீன் இருக்கிறது

சுந்தரம்: தம்பி, 7.9-ஆ? வா வா. பக்கத்திலேயே இன்னொரு நாற்காலி போட்டு வைக்கச் சொல்கிறேன்

மாலதி: முரளி, ஐஸ் ஒத்தடம் எடுத்துக்கொண்டு வா. மெதுவாக நட