சிறிய காரில் பெரிய எஞ்சின்: 1960களின் பிக் பிளாக் காம்பாக்ட் கார்கள் குறித்து ஒரு விவாதம்

வளைவுப்பாதை எழுதியது:

1960களின் பிற்பகுதியில் அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் காம்பாக்ட் கார்களின் பானெட்டுக்குள் பிக் பிளாக் என்ற பெரிய வார்ப்பு எஞ்சின்களைத் திணித்ததைப் பொறியாளர்களின் முடிவாக என்னால் பார்க்க முடியவில்லை; அது விற்பனைப் பிரிவின் முடிவு. டாட்ஜ் டார்ட், செவி நோவா ஆகியவற்றை மட்டுமல்லாமல், அதே அளவிலான அடித்தளங்களிலிருந்து பிறந்த பாரகுடா, மஸ்டாங், கமாரோ ஆகியவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

சான்றுக்குக் கிரைஸ்லரின் ஏ-பாடி கார்களை, அதாவது டார்ட்டும் பாரகுடாவும் பகிர்ந்துகொண்ட சிறிய அடித்தளத்தில் கட்டியவற்றை, எடுத்துக்கொள்வோம். 1967இல் பாரகுடாவுக்கு 383 கன அங்குல எஞ்சின் கொடுத்தார்கள். அதே 383 பெரிய கார்களில் 325 குதிரைத்திறன் தந்தபோது, இந்தச் சிறிய காரில் 280 மட்டுமே தந்தது. ஸ்டீயரிங் பெட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையில் இருந்த குறுகிய இடத்தில் நுழைவதற்காக எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் வார்ப்புக் குழாயை) நெருக்கி வார்க்க வேண்டியிருந்ததும், அதனால் புகை தடையின்றி வெளியேற முடியாமல் போனதுமே அதற்குக் காரணம். பவர் ஸ்டீயரிங்கும் கிடையாது, அதற்கும் இடமில்லை. ஓராண்டு கழித்து வந்த 340 கன அங்குல ஸ்மால் பிளாக் (சிறிய வார்ப்பு எஞ்சின்), 275 குதிரைத்திறன் என்று குறைத்தே மதிப்பிடப்பட்டிருந்தும், எடையில் இலகுவாக இருந்ததால் நேர்ச்சாலையில் 383க்கு ஈடுகொடுத்தது. வளைவில் அதைப் பின்னுக்குத் தள்ளியது. கையில் அப்படி ஓர் எஞ்சினை வைத்துக்கொண்டு 1969இல் அதே உடலுக்குள் 440 கன அங்குல பிக் பிளாக்கை ஏற்றியதற்கு என்ன நியாயம் சொல்ல முடியும்?

கால்மைல் எழுதியது:

அந்தக் கார்களை வாங்கியவர்கள் எங்கே ஓட்டினார்கள் என்பதைக் கேட்டுவிட்டு நியாயத்தைத் தேடுவோம். டெட்ராய்ட்டிலிருந்து பான்டியாக் நகரம் வரை நீளும் வுட்வர்ட் அவென்யூவில், ஒரு சிக்னலுக்கும் அடுத்த சிக்னலுக்கும் இடையில் வளைவு என்று சொல்லத்தக்கதாக எதுவும் இல்லை. வார இறுதியில் அவர்கள் போன இடமும் கால் மைல் நேர்கோட்டு ஓடுதளம்தான். அந்தப் பயன்பாட்டுக்கு எது தேவையோ அதையே அவர்கள் கேட்டார்கள், நிறுவனங்களும் கொடுத்தன.

குதிரைத்திறனை மட்டும் எடுத்துக்காட்டுவது பாதிக் கணக்கு. முறுக்குவிசையைப் பாருங்கள். 340இன் உச்ச முறுக்குவிசை 340 பவுண்டு-அடி. நெருக்கி வார்த்த மேனிஃபோல்டுடன் மூச்சு முட்டியதாகச் சொல்லப்படும் அதே 280 குதிரைத்திறன் 383, வெறும் 2,400 சுழற்சியிலேயே 400 பவுண்டு-அடி தந்தது. 440இல் அது 480. தெருவில் ஓட்டுபவருக்குக் காலடியில் உடனே கிடைப்பது இந்த விசைதான். இதற்கு மாறாக, ஸ்மால் பிளாக் அன்பர்கள் கொண்டாடும் கமாரோ இசட்/28இன் 302 எஞ்சின் 290 பவுண்டு-அடியை 4,200 சுழற்சியில்தான் எட்டியது. டிரான்ஸ்-ஆம் பந்தயம் 5 லிட்டர் என்று வரம்பு வைத்ததால் பிறந்த எஞ்சின் அது. பந்தயப் பாதையில் அது சிறந்தது, மறுக்கவில்லை. சிக்னலில் நின்று புறப்படுகிறவருக்கு அது பொறுமையைச் சோதிக்கும் எஞ்சின்.

பட்டறைச்சாவி எழுதியது:

இருவரும் எல்லாக் கார்களையும் ஒரே கூடையில் போடுகிறீர்கள். பெரிய எஞ்சின் பொருந்துமா, பொருந்தாதா என்பதைத் தீர்மானித்தது பெரும்பாலும் முன்பக்க சஸ்பென்ஷனின் அமைப்பு. அதை விட்டுவிட்டுப் பேசுவதில் பொருளில்லை.

முதலில், பிக் பிளாக் என்பது கன அங்குலக் கணக்கு அன்று, வார்ப்பின் புற அளவு. செவ்ரோலெட் ஸ்மால் பிளாக்கில் ஒரு சிலிண்டரின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் வரை 4.40 அங்குலம், பிக் பிளாக்கில் 4.84. அதனால் நீளம் கூடுகிறது, தலைப்பகுதிகள் அகலமாகின்றன, எடையும் நூறு பவுண்டுக்கு மேல் ஏறுகிறது.

இனி கார்களுக்கு வருவோம். மஸ்டாங்கும் 1967 வரையிலான செவி II காரும் முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்கைச் சக்கரத்தைத் தாங்கும் இரு சஸ்பென்ஷன் கைகளில் மேல் கையின் மீது நிறுத்தி, அதைத் தாங்க எஞ்சின் அறைக்குள் இருபுறமும் தகரக் கோபுரங்களை எழுப்பியவை. அந்தக் கோபுரங்கள் அகலத்தை விழுங்கிவிடும். ஃபோர்டு 1967இல் மஸ்டாங்கின் உடலையே 2 அங்குலத்துக்கு மேல் அகலப்படுத்திய பிறகுதான் 390 உள்ளே போனது. அப்போதும் எக்ஸாஸ்ட் போல்ட்டுகளைக் கழற்றப் போன மெக்கானிக் தன் விரல்களை நொந்துகொள்ள வேண்டியிருந்தது. பழைய செவி IIவில் தொழிற்சாலை அந்த முயற்சியிலேயே இறங்கவில்லை. 1968இல் நோவா, கமாரோவின் பாணியிலான தனி முன்சட்டத்துக்கு மாறி, ஸ்பிரிங் கைகளுக்கு இடையில் கீழே இறங்கியபோது 396 சிரமமின்றி அமர்ந்தது.

கிரைஸ்லர் கார்களில் சுருள் ஸ்பிரிங்கே கிடையாது. நீளவாக்கில் கிடந்து, முறுக்கப்படும்போது ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் கம்பிகள்தான் முன்பக்க எடையைத் தாங்கின. ஆகவே மேலே இடம் தாராளம். இடிப்பதெல்லாம் கீழே, ஸ்டீயரிங் பெட்டிக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையில். வளைவுப்பாதை குறிப்பிட்ட 280 குதிரைத்திறன் அந்த ஓரிடத்தின் விளைவு. 1969க்குள் அதே 383ஐ 330க்கு உயர்த்திவிட்டார்கள் என்பதையும் அவர் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

வளைவுப்பாதை எழுதியது:

சேர்த்தே சொல்கிறேன்: 330ஆக உயர்ந்த பிறகும் பவர் ஸ்டீயரிங் வரவில்லை. 1969ஆம் ஆண்டு 440 பாரகுடாவிலும் டார்ட்டிலும் பவர் ஸ்டீயரிங் இல்லை, பவர் பிரேக் இல்லை, கையால் மாற்றும் கியர்பாக்ஸும் இல்லை. டார்க்ஃபிளைட் என்ற தானியங்கி கியர்பாக்ஸ் மட்டுமே. 375 குதிரைத்திறன் கொண்ட, மூக்கில் பாரம் ஏறிய ஒரு காரை நிறுத்துவதற்கு ஓட்டுநரின் கால் வலிமையை மட்டுமே நம்பியிருந்தார்கள். வேகத்தைக் கூட்டும் உறுப்பை வைக்க இடம் கண்டுபிடித்து, வேகத்தைக் குறைக்கும் உறுப்புக்கு இடமில்லை என்று கைவிரிப்பதை நான் எப்படி ஏற்பது?

கால்மைல் அவர்களின் முறுக்குவிசைக் கணக்கிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 480 பவுண்டு-அடியைத் தரையில் இறக்க வேண்டியது பின்சக்கரங்கள். எடை முன்பக்கம் கூடக்கூடப் பின்சக்கரங்களின் மீதான பாரத்தின் பங்கு குறைகிறது. அன்றைய பயஸ்-பிளை (இழைகள் குறுக்காகச் செல்லும் பழைய வகை) டயர்களின் பிடியோ மிகச் சொற்பம். காலடியில் உடனே கிடைத்த விசையில் பெரும்பகுதி ரப்பர் புகையாகப் போனது.

கால்மைல் எழுதியது:

அந்த ஓட்டையை எப்படி அடைத்தார்கள் என்பதற்கு 1968ஆம் ஆண்டு ஹெமி டார்ட்டும் ஹெமி பாரகுடாவும் பதில் சொல்லும். அரைக்கோள வடிவ எரிப்பறைகள் கொண்ட 426 ஹெமி என்பது அந்தக் காலத்தின் மிக அகலமான எஞ்சின்களில் ஒன்று. அதை ஏ-பாடிக்குள் வைப்பதற்காக ஹர்ஸ்ட் நிறுவனத்தின் துணையுடன் டார்ட்டில் 80, பாரகுடாவில் 70 என்ற அளவில் கட்டினார்கள். பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரை இடம் மாற்றினார்கள். முன் ஃபெண்டர்களும் பானெட்டும் ஃபைபர் கிளாஸ். கதவுத் தகடுகள் மெலிந்தவை. பக்கக் கண்ணாடிகளைத் தூக்கி இறக்க எந்திரம் இல்லை, பட்டைதான். ஹீட்டரும் பின்னிருக்கையும் கிடையாது. பேட்டரியைப் பின்பக்கப் பெட்டிக்குக் கொண்டுபோனார்கள். இவ்வளவும் எடையை முன்னிருந்து எடுக்கவும் பின்னுக்கு நகர்த்தவும்தான். பின் லீஃப் ஸ்பிரிங்கின் முன்பாதியைக் குட்டையாகவும் விறைப்பாகவும் அமைத்து, புறப்படும் கணத்தில் சக்கரம் தரையை அழுத்தும்படி செய்தது கிரைஸ்லரின் பழைய வித்தை.

அந்தக் கார்கள் அமெரிக்காவின் நேர்கோட்டு (டிராக்) பந்தயங்களை நடத்தும் என்ஹெச்ஆர்ஏ அமைப்பின் சூப்பர் ஸ்டாக் பிரிவில் தங்களுக்கென்று ஒரு வகுப்பையே வைத்துக்கொண்டு இன்றும் ஓடுகின்றன. கால் மைலை 9 வினாடிக்கும் குறைவாகக் கடக்கின்றன. அறுபது ஆண்டுகளை நெருங்கும் ஒரு வடிவமைப்பை இன்னும் யாரும் களத்தை விட்டுத் துரத்தவில்லை. இதை விற்பனைப் பிரிவின் விளையாட்டு என்று ஒதுக்க முடியுமா?

வளைவுப்பாதை எழுதியது:

முடியாது, ஒதுக்கவும் இல்லை. ஆனால் அந்தக் காரில், இது கண்காணிக்கப்பட்ட வேகப் போட்டிகளுக்கானது, பொதுச் சாலைக்கானதன்று என்று அறிவிப்பு ஒட்டி, உத்தரவாதமும் இன்றி விற்றது அதே கிரைஸ்லர்தான். நான் பேசுவது கடையில் சாவி வாங்கி அன்று மாலை வீட்டுக்கு ஓட்டிச் சென்ற காரைப் பற்றி.

பழைய விலைப்பட்டியல் எழுதியது:

இந்த இழையில் பணத்தைப் பற்றி யாரும் பேசாதது வியப்பாக இருக்கிறது. இந்தக் கார்களில் பலவற்றை உருவாக்கியது டெட்ராய்ட்டின் வரைபலகை என்பதைவிட, துணிச்சலான டீலர்களின் பட்டறை என்றே சொல்ல வேண்டும். சிகாகோவின் கிராண்ட் ஸ்பால்டிங் டாட்ஜ் கடையை நடத்திய நார்ம் கிராஸ், டார்ட்டுக்குள் 383 போகாது என்று நிறுவனம் சொன்னபோது தன் பட்டறையிலேயே அதைப் பொருத்திக் காட்டினார் என்பது அந்த வட்டாரத்தில் பரவலாகச் சொல்லப்படும் கதை. 1968இல் அவருடைய கடையின் டார்ட் ஜிஎஸ்எஸ் 440 எஞ்சினுடன் வந்துவிட்டது. தொழிற்சாலையே அதைக் கொடுத்தது அடுத்த ஆண்டில்தான். ஃபோர்டில் ரோட் ஐலண்ட் டீலர் பாப் டாஸ்கா, 390 மஸ்டாங் போட்டியாளர்களிடம் தோற்பதைப் பொறுக்காமல் தன் கடையில் 428 ஒன்றைத் தயாரித்துக் காட்டினார். 428 கோப்ரா ஜெட் பிறந்தது அந்த நெருக்குதலால்தான்.

இப்போது வளைவுப்பாதை அவர்களுக்குச் சாதகமான ஒன்று. பென்சில்வேனியாவின் கேனன்ஸ்பர்கில் கடை வைத்திருந்த டான் யென்கோ, 1969இல் நோவாவுக்குள் 427ஐப் பொருத்தி ஏறத்தாழ நாற்பது கார்களை விற்றார். அவரே 1970இல் எல்டி-1 என்ற 350 கன அங்குல ஸ்மால் பிளாக்குக்கு மாறினார், 360 குதிரைத்திறன். காப்பீட்டு நிறுவனங்கள் எடைக்கும் திறனுக்குமான விகிதத்தைப் பார்த்துக் கட்டணத்தை ஏற்றத் தொடங்கியிருந்தன. 427 என்ற எண்ணைக் கேட்டாலே இளைஞர்களுக்குக் காப்பீடு எட்டாக்கனி ஆனது.

எடைச் சிக்கலுக்கு அலுமினியம் மருந்தாக இருந்தது என்பதும் உண்மை. இசட்எல்1 என்ற முழு அலுமினிய 427, எடையில் வார்ப்பிரும்பு ஸ்மால் பிளாக்குக்கு அருகில் நின்றது. ஆனால் 1969 கமாரோவில் அந்த எஞ்சினுக்கு மட்டும் 4,000 டாலருக்கு மேல். அடிப்படை வி8 கமாரோவின் விலையோ 3,000 டாலரைத் தொடவில்லை. 69 கார்கள் கட்டினார்கள், அவற்றிலும் பல விற்காமல் தேங்கின.

பட்டறைச்சாவி எழுதியது:

டீலர்களைப் பற்றிச் சொன்னது சரி. இடத்தைப் பற்றிய பேச்சில் ஏஎம்சியை (அமெரிக்கன் மோட்டார்ஸ் நிறுவனத்தை) மறந்துவிடக்கூடாது. அவர்களுடைய 290, 343, 390 மூன்றும் ஒரே புற அளவு கொண்டவை. ஆகவே 1969 எஸ்சி/ராம்ப்ளர் காரில் 315 குதிரைத்திறன் கொண்ட 390ஐ வைக்க எதையும் வெட்டவில்லை, இடிக்கவில்லை; விலையும் 3,000 டாலருக்குள்.

இதற்கு எதிர்முனை ஃபோர்டின் பாஸ் 429 மஸ்டாங். அந்த எஞ்சினின் தலைப்பகுதி மஸ்டாங்கின் கோபுரங்களுக்கிடையில் எந்த வகையிலும் அடங்காது. ஆகவே மிஷிகனின் பிரைட்டனில் கார் கிராஃப்ட் என்ற ஒப்பந்தப் பட்டறைக்குக் கார்களை அனுப்பி, கோபுரங்களை வெளியே தள்ளி, மேல் கைகளின் இணைப்பிடத்தை மாற்றி, பேட்டரியையும் பின்பெட்டிக்குக் கொண்டுபோனார்கள். இத்தனை பாடும் மஸ்டாங்குக்காகவா என்றால், இல்லை. நாஸ்கார் என்ற அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயத்தில் அந்த எஞ்சினை அனுமதிக்க வேண்டுமானால் 500 எண்ணிக்கை பொதுமக்களுக்கு விற்றிருக்க வேண்டும். மஸ்டாங் அதைச் சுமந்து சென்ற வண்டி. நாஸ்காரில் ஓடியவை அதைவிடப் பெரிய டொரினோ போன்ற கார்கள். தெருவில் பாஸ் 429ஐவிட 428 கோப்ரா ஜெட் பயனுள்ள கார் என்பது என் முடிவு.

வளைவுப்பாதை எழுதியது:

அப்படியானால் கிரைஸ்லரின் சொந்தத் தீர்ப்பையே கடைசிச் சான்றாக வைக்கிறேன். 1970இல் ஏ-பாடி வரிசையிலிருந்து பிக் பிளாக் முற்றிலும் நீக்கப்பட்டது. அந்த இடத்துக்கு வந்த பிளைமவுத் டஸ்டர் 340, ஏறத்தாழ 2,550 டாலர் விலையில், முதல் ஆண்டிலேயே இருபதாயிரத்துக்கும் மேல் விற்றது. 440 டார்ட்டோ சில நூறுகளைத் தாண்டவில்லை. இரண்டையும் செய்து பார்த்த நிறுவனம் எதை வைத்துக்கொண்டது, எதைக் கைவிட்டது என்பது வெளிப்படை.

கால்மைல் எழுதியது:

அதே 1970இல் அதே கிரைஸ்லர் பாரகுடாவை ஏ-பாடியிலிருந்து பிரித்தெடுத்து, சேலஞ்சருடன் சேர்த்து ஈ-பாடி என்ற புதிய அடித்தளத்தில் ஏற்றியதை விட்டுவிட்டீர்கள். நடுத்தர அளவுக் கார்களில் எஞ்சின் அறையையும் பயணிகள் அறையையும் பிரிக்கும் முன்தடுப்பை அதற்குப் பயன்படுத்தினார்கள். 440உம் ஹெமியும் வெட்டாமல், நெருக்காமல், பவர் பிரேக்குடன் அமரும் அகலத்தில் எஞ்சின் அறையை அமைத்தார்கள். காரில் இடம் போதவில்லை என்று தெரிந்தபோது அவர்கள் எஞ்சினைச் சுருக்கவில்லை, காரை அகலமாக்கினார்கள்.