அக்கவுண்ட்ஸ் வேலை இன்டர்வியூவுக்கு இங்கிலீஷ் இடியம் மனப்பாடம் செய்வது உதவுமா?

கானாடுகாத்தான்காரி:

வணக்கம். என் தம்பி காரைக்குடியில் பி.காம் முடித்துவிட்டு, ரெண்டு வருஷமாக ஆத்தங்குடியில் எங்கள் மாமாவின் டைல்ஸ் பட்டறையில் கணக்குப் பார்க்கிறான். டாலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்), ஜிஎஸ்டி எல்லாம் கைவந்த வேலை. இப்போது சென்னை, கோயம்புத்தூர் கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போடுகிறான். பேச்சில்தான் திணறல். யாரோ கொடுத்த இடியம் (மரபுத்தொடர்) பட்டியலை வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் உருப்போடுகிறான். அது பிரயோஜனப்படுமா, வேறு எதையாவது படிக்கச் சொல்லவா? அவன் தயார் செய்துள்ள அறிமுகம் இது:

"மைசெல்ஃப் இன்னார். ஐ பாஸ்டு அவுட் இன் 2023. ஐ ஆம் ஹேவிங் டூ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ். ஐ ஆம் சர்ச்சிங் எ வொர்க் இன் அக்கவுண்ட்ஸ்."

தெரிந்தவர்கள் திருத்திக் கொடுங்கள்.

தேவகோட்டை இங்கிலீஷ் வாத்தியார்:

பட்டியலை ஓரமாக வைக்கச் சொல்லும்மா. இடியம் காதில் விழுந்தால் புரிய வேண்டும், அவ்வளவுதான். வாயில் வர வேண்டிய அவசியமே இல்லை. இடம் பொருந்தாமல் ஒரு இடியத்தைச் செருகினால் அதற்கு முன் பேசிய நாலு நல்ல வாக்கியமும் அடிபட்டுப் போகும். முதலில் அறிமுகத்தைச் சரிசெய்வோம், நாலு வரியிலும் திருத்தம் இருக்கிறது.

'மைசெல்ஃப் இன்னார்' வேண்டாம். 'ஐ ஆம் இன்னார்' அல்லது 'மை நேம் இஸ் இன்னார்'.

'பாஸ்டு அவுட்' என்றால் நம் ஊரில் படிப்பு முடித்தது. வெளிநாட்டு கிளையன்ட் காதுக்கு மயங்கி விழுந்ததாகத்தான் கேட்கும். 'ஐ கம்ப்ளீட்டட் மை பி.காம் இன் 2023' என்றால் எங்கேயும் செல்லும்.

'ஐ ஆம் ஹேவிங்' பேச்சில் மிக அதிகமாக வரும் பிழை. அனுபவம், பட்டம், அண்ணன் தம்பி, சந்தேகம் இதெல்லாம் நம்மிடம் 'இருப்பவை'. அவற்றுக்கு 'ஐ ஹேவ்' மட்டும்தான். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்னும்போது 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சரி, ஏனென்றால் அது நடந்துகொண்டிருக்கும் செயல். தம்பி சொல்ல வேண்டியது: 'ஐ ஹேவ் டூ இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்'.

கடைசி வரியில் ரெண்டு கோளாறு. 'சர்ச்' என்ற சொல்லுக்குப் பின் 'ஃபார்' இல்லாவிட்டால் பொருளே மாறும்: 'சர்ச் எ ஹவுஸ்' என்றால் போலீஸ் வீட்டைச் சோதனை போடுவது. அடுத்து, வேலை என்ற பொருளில் 'வொர்க்' எண்ணிக்கைக்கு வராத சொல், முன்னால் 'எ' போடக் கூடாது. எண்ணக்கூடியது 'ஜாப்'. ஆகவே 'ஐ ஆம் லுக்கிங் ஃபார் எ ஜாப் இன் அக்கவுண்ட்ஸ்'. இதே கணக்கில்தான் 'ஸ்டாஃப்ஸ்' தவறு ('ஸ்டாஃப்' அல்லது 'ஸ்டாஃப் மெம்பர்ஸ்'). 'டிஸ்கஸ் அபௌட்' என்பதும் தவறு ('டிஸ்கஸ்' போதும்). மெயில் முடிவில் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ' என்று எழுதாமல் 'ஹியரிங்' என்று எழுத வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். 'கணக்குப் பார்க்கிறான்' என்பதை அப்படியே 'சீயிங் அக்கவுண்ட்ஸ்' ஆக்கிவிடாதீர்கள். அதற்குள் எத்தனை வேலை இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். சிமென்ட், மணல், கலர் பொடி வாங்கிய பில்லைப் பதிவது 'ரெக்கார்டட் பர்ச்சேசஸ்'. சதுர அடிக் கணக்கில் ஆர்டருக்கு பில் போடுவது 'ப்ரிப்பேர்டு இன்வாய்சஸ்'. பேங்க் பாஸ்புக்கையும் பேரேட்டையும் ஒத்துப் பார்ப்பது 'ரீகன்சைல்டு பேங்க் ஸ்டேட்மென்ட்ஸ்'. பாக்கி வசூலுக்கு போன் போடுவது 'ஃபாலோட் அப் ஆன் ஓவர்டியூ பேமென்ட்ஸ்'. வாரக் கூலி போடுவது 'ப்ராசஸ்டு வீக்லி வேஜஸ்'. அதை 'சேலரி' என்று எழுதக் கூடாது, வாரம் அல்லது நாள் கணக்கில் கொடுப்பது 'வேஜஸ்'. ஒவ்வொன்றும் ரெஸ்யூமேயில் ஒரு வரி. வினைச்சொல்லில் தொடங்கட்டும், 'ஐ' தேவையில்லை. மாதம் எத்தனை பில் என்ற எண்ணிக்கையையும் சேர்த்தால் வரிக்கு எடை கூடும்.

பட்டறை என்ன செய்கிறது என்று கேட்டால் 'ஆத்தங்குடி டைல்ஸ்' என்று மட்டும் சொன்னால் வெளியூர்க்காரருக்குப் புரியாது. 'ஹேண்ட்மேட் சிமென்ட் ஃப்ளோர் டைல்ஸ், காஸ்ட் ஆன் கிளாஸ்' என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகட்டும்.

பள்ளத்தூர் எச்ஆர்:

வாத்தியார் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடியம் தெரியாவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆஃபர் லெட்டரில் உள்ள சொல் தெரியாவிட்டால் பணம் போகும். முதலில் சிடிசி. அது கைக்கு வரும் சம்பளம் அல்ல, கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு.

வருஷம் 3,60,000 சிடிசி, அதில் பாதி பேசிக் (அடிப்படைச் சம்பளம்) என்று வையுங்கள். பேசிக் மாதம் 15,000. கம்பெனி கட்டும் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், வருஷத்துக்கு 21,600. கிராஜுவிட்டி (பணிக்கொடை) ஒதுக்கீடு பேசிக்கில் 4.81 சதவீதம், 8,658. இரண்டும் போக 3,29,742, அதாவது மாதம் சுமார் 27,478. இதில் தம்பியின் பங்கு பிஎஃப் 1,800 பிடித்தால் கையில் 25,678. இன்ஷூரன்ஸ், தொழில் வரி பிடித்தம் இருந்தால் இன்னும் குறையும். 'மூணு லட்சத்து அறுபதாயிரத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் முப்பதாயிரம்' என்று வாடகைக்கு வீடு பிடித்துவிட்டுத் தவிப்பவர்கள் நிறைய. 'வேரியபிள் பே' (வேலைத் திறனைப் பொறுத்துக் கிடைக்கும் தொகை) என்று ஒரு வரி சிடிசிக்குள் இருந்தால் அதுவும் மாதாமாதம் வராது. 'வாட் வில் பி மை மன்த்லி டேக்ஹோம்?' என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, தாராளமாகக் கேட்கலாம்.

அடுத்து பார்க்க வேண்டியவை 'ப்ரொபேஷன்' (ஆரம்பச் சோதனைக் காலம்), 'நோட்டீஸ் பீரியட்' (விலகுவதற்கு எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும் என்பது), 'பாண்ட்' (இத்தனை காலம் விலக மாட்டேன் என்ற ஒப்பந்தம்). ப்ரொபேஷனில் எத்தனை நாள் நோட்டீஸ், கன்ஃபர்ம் ஆனபின் எத்தனை நாள் என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள், இரண்டையும் படிக்க வேண்டும். 'பை அவுட்' என்றால் மிச்ச நோட்டீஸ் நாளுக்குப் பணம் கட்டிவிட்டு முன்னதாகக் கிளம்புவது. நோட்டீஸ் கொடுக்காமல் நின்றுவிட்டால் 'அப்ஸ்காண்டிங்' என்று பதிவாகும், ரிலீவிங் லெட்டர் (முறையாக விலகியதற்கான கடிதம்) கிடைப்பது கஷ்டம். 'லெய்டு ஆஃப்' என்றால் கம்பெனி ஆள் குறைத்தது. 'ஃபயர்டு' என்றால் ஆள் மேல் குறை சொல்லி நிறுத்தியது. இதில் சொல்லை மாற்றிப் போட்டு நஷ்டப்படுகிறவர்கள் உண்டு.

ராங்கியம்:

இடியமே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கேள்வியே சில சமயம் இடியத்தில்தான் வருகிறது. 'டேக் மீ த்ரூ யுவர் ரெஸ்யூமே' என்றால் ரெஸ்யூமேயை எடுத்து நீட்டச் சொல்லவில்லை, படிப்பிலிருந்து இன்றுவரை வரிசையாகச் சொல் என்று அர்த்தம். 'வாட் டூ யூ பிரிங் டு த டேபிள்?' என்றால் உன்னால் எங்களுக்கு என்ன லாபம் என்பது. 'கேன் யூ ஹிட் த கிரவுண்ட் ரன்னிங்?' என்றால் பயிற்சி இல்லாமல் முதல் நாளே வேலையைப் பிடிப்பாயா என்பது. இதற்கு 'ஐ கேன் ஸ்டார்ட் டாலி என்ட்ரீஸ் அண்ட் ஜிஎஸ்டி இன்வாய்சஸ் ஃப்ரம் டே ஒன்' என்று நேராகச் சொன்னால் போதும்.

வேலை விளம்பரத்தில் 'வேர் மெனி ஹேட்ஸ்' என்று வந்தால் உஷார்: அக்கவுண்ட்ஸோடு ஸ்டோர், பர்ச்சேஸ் எல்லாம் தலையில் விழும். 'பால்பார்க் ஃபிகர்' கேட்டால் தோராயத் தொகை சொல்ல வேண்டும். 'கட் கார்னர்ஸ்' என்பது தரத்தைக் குறைத்து வேலையை முடிப்பது. சிக்கனம் என்று நினைத்துத் தன்னைப் பற்றியே சொல்லிவிடக் கூடாது. 'வொர்க் யுவர் வே அப்' நம்மவர்களுக்குப் பழகிய விஷயம்தான்: அந்தக் காலத்தில் ரங்கூன் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக (எடுபிடியாக)ச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளானது (கடைப் பொறுப்பாளரானது) அதுதானே. இப்படிப் பதினைந்து இருபது போதும்.

கானாடுகாத்தான்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பட்டியலை வாங்கி வைத்துவிட்டேன். ஒரு சந்தேகம், எச்ஆர் அண்ணே. மாமா சம்பளத்தைக் கையில் ரொக்கமாகத்தான் கொடுக்கிறார். பிஎஃப் கிடையாது. 'வாட் இஸ் யுவர் நோட்டீஸ் பீரியட்' என்று கேட்டால் என்ன சொல்ல?

பள்ளத்தூர் எச்ஆர்:

உள்ளதைச் சொல்லட்டும் தங்கச்சி. 'இட் இஸ் எ ஃபேமிலி பிசினஸ், ஸோ தேர் இஸ் நோ ஃபார்மல் நோட்டீஸ் பீரியட். ஐ கேன் ஜாயின் இன் டூ வீக்ஸ்.' சம்பளம் கேட்டால் 'ஐ வாஸ் பெய்ட் இன் கேஷ்' என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் பேக்ரவுண்ட் செக்கில் பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்கும்போது முழிக்க வேண்டாம். இருபது பேருக்குக் குறைந்த பட்டறைக்கு பிஎஃப் பொதுவாகக் கட்டாயமில்லை, அதனால் பிஎஃப் இல்லாததை யாரும் குறையாக எடுக்க மாட்டார்கள். மாமாவிடம் பட்டறை லெட்டர்பேடில் ஒரு எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் வாங்குங்கள். சேர்ந்த தேதி, வேலைப் பெயர், செய்த வேலை, ஜிஎஸ்டி எண், கையெழுத்து, சீல், தொடர்பு எண் எல்லாம் இருக்கட்டும். தேதியும் வேலைப் பெயரும் ரெஸ்யூமேயில் உள்ளதோடு அச்சுப் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும், அதைத்தான் முதலில் சரிபார்ப்பார்கள்.