மறு: சாக்லேட் ‘டெம்பரிங்’ – ‘பதமாற்றுதல்’ என்று சொல்லலாமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். சமூக மன்றச் சமையல் வகுப்புக்கான தமிழ்க் குறிப்புத் தாள் விரைவில் அச்சுக்குப் போகவேண்டும். குக்கி மாவைச் சுடாமலே உருண்டை பிடித்து, சாக்லேட்டில் தோய்த்தெடுக்கும் பலகாரம்தான் இம்முறை பாடம். குறிப்பின் மற்ற வரிகள் எல்லாம் தடையின்றித் தமிழில் வந்துவிட்டன. சாக்லேட்டை உருக்கி, ஆற்றி, பளபளப்பாக உறையும் பதத்துக்குக் கொண்டுவரும் ‘டெம்பரிங்’ வருகிற இடம் மட்டும் வெற்றிடமாக நிற்கிறது. அதற்குத் தமிழ்ச்சொல் தேடி நம் மடல் இழையில் வந்த எல்லா மடல்களையும் படித்தேன். என் முன்மொழிவு ‘பதமாற்றுதல்’. காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இழையில் வந்த சொற்களில் பாதி, இந்த வேலையை வெறும் உருக்குதல் என்று எண்ணிப் பிறந்தவை. உருக்குவது முதல் படி மட்டுமே. சாக்லேட்டில் உள்ள கொக்கோ வெண்ணெய் ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடியது. 1966இல் வில்லி, லட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் அவற்றுக்கு ஒன்று முதல் ஆறு வரை எண்ணிட்டார்கள். எண் ஏற ஏற உருகுநிலையும் ஏறும். முதல் வடிவம் ஏறக்குறைய 17 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். நான்காவது 27, 28 டிகிரியில் உருகும். ஐந்தாவது 34 டிகிரி வரை தாங்கும். நமக்கு வேண்டியது இந்த ஐந்தாவது வடிவம்தான். அதில் மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். ஆகவே சாக்லேட் பளபளக்கும், உடைத்தால் ‘டக்’கென்று முறியும், எடுக்கும்போது விரலில் ஒட்டாது, வாயில் போட்டதும் கரையும்.

அந்த வடிவத்தை மட்டும் வரவழைப்பதற்குத்தான் இத்தனை பாடு. கறுப்புச் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரி வரை சூடாக்கினால் பழைய படிகங்கள் எல்லாம் கரைந்துவிடும். பிறகு கிளறிக்கொண்டே 27, 28 டிகிரிக்கு இறக்கினால் நான்காவதும் ஐந்தாவதும் கலந்து உருவாகத் தொடங்கும். மறுபடி 31, 32 டிகிரிக்கு ஏற்றினால் நான்காவது உருகிப்போக ஐந்தாவது நிற்கும். பால் சாக்லேட்டுக்கு இந்த அளவுகள் ஓரிரண்டு டிகிரி குறையும். ஏற்றி, இறக்கி, மீண்டும் சற்றே ஏற்றும் இந்த மூன்று அசைவுகளையும் சொல் தாங்க வேண்டும். தாங்காவிட்டாலும் தவறாகவாவது வழிகாட்டக் கூடாது.

சிங்கப்பூரில் இந்த வேலையைப் பற்றி நாம் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும். பிற்பகலில் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு அடுப்படி 31, 32 டிகிரியில் இருக்கிறது. நான்காம் வடிவம் உருகும் நிலையைவிட அது அதிகம். வெறுமனே உருக்கித் தோய்த்த உருண்டைகளைக் குளிர்பதனப் பெட்டியில் இறுக வைத்தாலும், மேசையில் வைத்த சற்று நேரத்தில் மேற்பூச்சு இளகித் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். குளிர்நாட்டில் இந்தப் படியைத் தவறவிட்டவருக்கு மங்கலான பலகாரமாவது மிஞ்சும். இங்கே தவறவிட்டால் பலகாரமே நிற்காது. அதனால்தான் குறிப்புத் தாளில் இந்த ஒரு சொல் தெளிவாக இருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன்.

இனி இழையில் வந்த சொற்களைப் பார்ப்போம்.

‘தாளித்தல்’ வேண்டவே வேண்டாம். ஆங்கிலத்தில் கடுகு, கறிவேப்பிலை பொரிப்பதற்கும் ‘டெம்பரிங்’ என்ற இதே சொல்லைப் புழங்குகிறார்கள் என்பது அவர்கள் வழக்கு. நமக்குத் தாளிப்பு என்றால் எண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்க வேண்டும்.

‘பதப்படுத்துதல்’ என்று மூவர் எழுதியிருக்கிறீர்கள். வேர்ச்சொல் சரி, ஆனால் அந்தச் சொல் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. பதப்படுத்திய மீன், பதப்படுத்திய இறைச்சி என்று நாளிதழிலும் கடைப் பொட்டலத்திலும் கெடாமல் காக்கும் பொருளில் ஊன்றிவிட்டது. பதப்படுத்திய சாக்லேட் என்றால் டப்பாவில் அடைத்த சாக்லேட் என்றே படிப்பார்கள். ‘பதனிடுதல்’ தோலுக்குப் போய்விட்டது.

‘படிகப்படுத்தல்’ அறிவியலாக நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் கற்கண்டு விளைவிப்பதும் படிகப்படுத்தல்தான். எந்தப் படிகம் என்பதுதான் இங்கே கேள்வி.

கொல்லர் பட்டறையிலிருந்து ‘தோய்ச்சல்’ என்ற சொல்லை எடுத்து வந்த பெரியவருக்கு என் வணக்கம். காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் தோய்த்து உறுதியேற்றும் வேலைக்கு உரிய பழைய, உழைத்த சொல் அது. வேறு இடமாக இருந்தால் தயங்காமல் எடுத்திருப்பேன். நம் குறிப்பிலோ அடுத்த வரியே ‘உருண்டைகளைச் சாக்லேட்டில் தோய்க்கவும்’ என்று வருகிறது. ஒரே தாளில் இரண்டு தோய்த்தல் வந்தால் படிப்பவர் திண்டாடுவார். போதாததற்கு, தண்ணீர் சாக்லேட்டுக்குப் பகை. உருகிய சாக்லேட்டில் சில சொட்டு விழுந்தாலே அதிலுள்ள சீனி ஈரம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டி, கிண்ணம் முழுவதும் கட்டிதட்டிப்போகும். தண்ணீரை நினைவூட்டும் சொல் இங்கே ஆகாது.

‘பதமிறக்கல்’ எனக்கு மிகவும் பிடித்த சொல். பதம் பார்த்து இறக்குவது நம் அடுப்படிப் பேச்சு. ஆனால் அந்தச் சொல் இறக்கியதோடு வேலை முடிந்தது என்று நினைக்க வைக்கும். 28 டிகிரியில் நின்றுவிட்டால் சாக்லேட் கூழாகத் தடித்து, உருண்டைமேல் திட்டுத் திட்டாக அப்பும். மறுபடி ஏற்றுவதை மறைக்கிற சொல்லால் வகுப்பில் நமக்குத்தான் தொல்லை.

‘பதமாற்றுதல்’ என்பதை இரண்டு விதமாகப் பிரிக்கலாம். பதம் + ஆற்றுதல், பத நிலைக்கு ஆற்றுவது. பதம் + மாற்றுதல், ஒரு பதத்திலிருந்து வேறொரு பதத்துக்கு மாற்றுவது. புணர்ச்சியில் இரண்டும் ஒரே வடிவம் பெறுகின்றன. நடக்கிற வேலையும் இரண்டும்தான்: ஆற்றுகிறோம், அதன் வழியாகப் படிகத்தின் நிலையை மாற்றுகிறோம். மறுபடி ஏற்றுகிற படியும் இரண்டாவது பொருளுக்குள் அடங்கிவிடுகிறது.

இதில் நான் பெரிதும் மதிப்பது ‘ஆற்று’ என்ற வினையை. ஆறவைப்பது வேறு, ஆற்றுவது வேறு. சோற்றை ஆறவைக்கிறோம், அதாவது சும்மா விட்டுவிடுகிறோம். பாலையும் தேநீரையும் ஆற்றுகிறோம். கோப்பிக்கடையில் தே தாரிக் ஆற்றுகிறவரின் இரு கைகளைப் பாருங்கள்: ஒரு குவளை தலைக்கு மேலே, மற்றது இடுப்பருகே, நடுவே கயிறு போல இறங்கும் தேநீர். அங்கே அசைவுதான் ஆறவைக்கிறது. சாக்லேட்டிலும் அப்படியே. கிளறாமல் விட்டால் அது வெறுமனே ஆறும், ஒழுங்கற்ற படிகங்கள் கண்டபடி உறையும். கிளறக் கிளறத்தான் சிறுசிறு படிகங்கள் உருவாகிக் கிண்ணமெங்கும் பரவும். ‘ஆற்று’ என்ற வினைக்குள் கிளறுகிற கையும் அடங்கியிருக்கிறது. கலைச்சொல் ஒன்று செய்முறையையே கற்றுத்தருவது அரிது.

எழுந்த மறுப்புகளுக்கும் பதில் சொல்கிறேன்.

> பதம் என்றால் சொல் என்றும் பொருள். பதமாற்று என்பதை மாற்றுச்சொல் என்று படிக்கமாட்டார்களா?

இலக்கணக் கட்டுரையில் படிப்பார்கள், சமையல் குறிப்பில் படிக்கமாட்டார்கள். கம்பிப் பதம், உருண்டைப் பதம், பாகுப் பதம் என்று அதிரசத்துக்கும் கடலைமிட்டாய்க்கும் சொல்லி வளர்ந்த காதுகள் நம்முடையவை. அடுப்பருகே பதம் என்றால் ஒரே பொருள்தான்.

> இளையர்களுக்குப் புரியாது, டெம்பரிங் என்றே விட்டுவிடலாமே?

சாக்லேட், குக்கி, கொக்கோ இவற்றை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பதே என் கருத்தும். சாக்லேட்டுக்குக் ‘காவிக்கண்டு’ என்று ஆக்கிய சொல் இருக்கிறது. ஆக்கியவரின் அன்பை மதிக்கிறேன், ஆனால் சிங்கப்பூர்த் தமிழர் கூடும் தேக்காவில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. பொருளின் பெயர் பொருளோடு வந்துவிடுகிறது. செயலின் பெயர் அப்படியன்று, அது வினையாக வளைய வேண்டும். ‘டெம்பர் செய்த, டெம்பர் செய்யாத, டெம்பர் போன’ என்று ஒவ்வொரு முறையும் முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. பதமாற்று என்றால் பதமாற்றிய சாக்லேட், பதமாற்றாத சாக்லேட், பதமாறிவிட்டது என்று தானாக வளைகிறது. சூடு கூடிப் படிகங்கள் கரைந்துவிட்டால் ‘பதம் தப்பிவிட்டது’ என்போம். இதை யாரும் ஆக்கவே வேண்டாம், ஏற்கெனவே எல்லார் வாயிலும் இருக்கிறது.

வீட்டில் எளிய வழி, முழுவதும் உருக்கி அடுப்பிலிருந்து இறக்கிய சாக்லேட்டில் ஏற்கெனவே பதமாறிய சாக்லேட் துண்டுகளைக் கொஞ்சம் போட்டுக் கிளறுவது. அந்தத் துண்டுகளை ‘உறை’ என்றே சொல்லலாம் என நினைக்கிறேன். பாலுக்கு உறை ஊற்றுகிற அதே சொல். இங்கும் கொஞ்சம் போட்டதுதான் முழுவதையும் தன்போல் உறைய வைக்கிறது.

பதம் பார்ப்பதற்குக் குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: கத்தி நுனியைச் சாக்லேட்டில் தொட்டு, குளிரூட்டிய அறையில் வைக்கவும். சில நிமிடங்களில் வரிவரியாக இல்லாமல் ஒரே சீராகப் பளபளத்து இறுகினால் பதமாறிவிட்டது. ஈரமாகவே இருந்தாலோ சாம்பல் கோடுகள் ஓடினாலோ இன்னும் ஆற்ற வேண்டும்.

அந்தச் சாம்பல் கோடுகளுக்கும் சொல் கேட்டிருந்தீர்கள். ‘நீறு பூத்தல்’ இருக்கும்போது வேறு எதற்கு? நீறு பூத்த நெருப்பு நமக்குத் தெரிந்ததுதானே. இதில் இரண்டு வகை உண்டு. கொழுப்பு மேலே வந்து படிவது கொழுப்பு நீறு. விரலை வைத்தால் உடல் சூட்டில் இளகி மறையும். ஈரத்தில் கரைந்த சீனி, காய்ந்தபின் மேலே படிவது சீனி நீறு. விரலுக்கு நறநறவென்று இருக்கும், மறையாது. சிங்கப்பூர்க் காற்றின் ஈரப்பதத்தில், ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழ் குளிர்ந்த எந்தப் பொருளின் மீதும் ஈரம் படிந்துவிடும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த உருண்டைகளை உடனே திறந்து வைப்பவர்களுக்குச் சீனி நீறு நிச்சயம். மூடிய டப்பாவோடு வெளியே வைத்து, அறைச் சூட்டுக்கு வந்தபின் திறக்க வேண்டும். தோய்க்கும்போதும் உருண்டைகள் உறைந்து கல்லாக இருக்கக் கூடாது, கை பட்டால் நசுங்காத அளவு குளிர்ந்தால் போதும். கல்லாக உறைந்ததைத் தோய்த்தால் மேற்பூச்சு ஒரே நொடியில் இறுகும், பிறகு உள்ளே இருக்கும் மாவு சூடேறி விரியும்போது வெடிக்கும்.

கடைசியாக, உள்ளே இருக்கும் மாவின் பெயர். ‘பச்சைமாவு’ என்று முன்மொழிந்த சகோதரி மன்னிக்க வேண்டும், அதை மட்டும் ஏற்க முடியாது. பச்சையாக இருப்பதுதான் அங்கே ஆபத்து. 2009இல் அமெரிக்காவில் கடையில் விற்ற குக்கி மாவைச் சுடாமல் தின்றவர்களிடையே ஈ.கோலை தொற்று பரவியது. 2016இல் அங்கே கோதுமை மாவாலேயே பரவியது. முட்டையைத் தவிர்த்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், மாவும் சமைக்காத பொருள்தான். வீட்டு அடுப்பில் மாவைச் சூடாக்குவதை நம்ப வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் சொல்கிறது. காய்ந்த மாவில் கிருமிகள் சூட்டை அதிகம் தாங்கும். யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன ‘அவித்த மா’ அழகான, வாழும் சொல். ஆனால் நம் தாளில் அதைப் போட்டால், வீட்டிலேயே மாவை அவித்துச் சுடாமல் தின்னலாம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆலையிலேயே பக்குவம் செய்து வருவதை ‘வெப்பமூட்டிய மாவு’ என்று நேராக எழுதிவிடுகிறேன்.

அது கிடைக்காதவர்களுக்குப் பொட்டுக்கடலை மாவு. வறுத்த கடலையை அரைத்தது, மாலாடு பிடிக்க நாம் காலங்காலமாக அப்படியே உண்பது. வெண்ணெய், பழுப்புச் சீனி, ஒரு சிட்டிகை உப்பு, சில துளி வெனிலா, கொஞ்சம் காய்ச்சி ஆறிய பால், சாக்லேட் துணுக்குகள் சேர்த்துப் பிசைந்தால் உருண்டை பிடிக்க நன்றாக வரும். இந்த வகைக்குக் ‘குக்கி மாலாடு’ என்ற பெயரைச் சென்ற மடலில் ஒருவர் போகிறபோக்கில் எழுதியிருந்தார். சுடாமல் உண்ணும் மாவு என்பது அந்தப் பெயரிலேயே புரிந்துவிடுகிறது. அவர் இசைந்தால் தாளின் தலைப்பாகவே அதை வைக்க விரும்புகிறேன்.

‘பதமாற்றுதல்’ வேண்டாம் என்பவர்கள், வேறு சொல்லோடும் அந்தச் சொல்லை வைத்து எழுதிய ஒரு சமையல் குறிப்பு வரியோடும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். வரி இல்லாமல் சொல்லை மட்டும் அனுப்பினால் ஒப்பிட்டுப் பார்க்க இயலாது. என் வரி இதோ:

‘உருக்கிய சாக்லேட்டை 28 டிகிரி வரை கிளறி ஆற்றி, 31 டிகிரிக்குச் சூடேற்றிப் பதமாற்றி, உருண்டைகளை ஒவ்வொன்றாகத் தோய்த்தெடுக்கவும், பதம் தப்பினால் மறுபடி முழுவதும் உருக்கித் தொடங்கவும்.’

அன்புடன்,
ஈசூனிலிருந்து